வாப்பாவின் அட்டை நோட்டு

போன மாதம் ஒரு நாள், கடையைச் சாத்தலாம் என்று ஷட்டரில் கை வைத்த நேரத்தில் மீனவர் சங்கத் தலைவர் வந்து நின்றார். ராமேஸ்வரம் பக்கத்து ஊரான மண்டபத்தில் ஜெராக்ஸ், டைப்பிங், ஆன்லைன் விண்ணப்பம் என்று ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறேன். படகு பதிவு, தடைக்கால நிவாரணம், வலை கிழிந்ததற்கு மனு என்று கரையின் எழுத்து வேலை பாதி என் மேசைக்குத்தான் வரும். தலைவர் கையில் நாலாக மடித்த ஒரு தாள்.

"பாய், இத நல்ல தமிழ்ல மனுவா அடிச்சுக் குடுங்க. டெல்லிக்குப் போகணும்."

பிரித்துப் பார்த்தேன். கடல் அட்டையைப் பாதுகாக்கப்பட்ட உயிரினப் பட்டியலிலிருந்து எடுக்கச் சொல்லிக் கேட்கும் மனு. இது புதிதில்லை, சின்னதும் பெரியதுமாக நானே நாலைந்து அடித்திருக்கிறேன். இந்தத் தடவை மூன்றாவது வரி கொஞ்சம் துணிச்சலாக இருந்தது: "எங்கள் கடலில் அட்டை சிறிதும் குறையவில்லை என்பதைத் தெரிவித்துக் கொள்கிறோம்."

காலையில் தருகிறேன் என்று சொல்லி வாங்கி வைத்துக்கொண்டேன். அந்த ஒரு வரியை அடிக்க மட்டும் கை வரவில்லை. காரணம், எங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது.

வெளியூர்க்காரர்களுக்காக ஒரு விளக்கம். கடல் அட்டை என்றால் காலில் ஒட்டி ரத்தம் குடிக்கும் அட்டை இல்லை. தடித்த வெள்ளரிக்காய் மாதிரி கடலடியில் கிடக்கும். மணலைத் தின்று, அதிலுள்ள சத்தை எடுத்துக்கொண்டு, மணலாகவே வெளியே விடும். நட்சத்திர மீனுக்குச் சொந்தக்காரர். எங்கள் பக்கம் யாரும் அதைச் சாப்பிடுவதில்லை. உம்மாவின் சட்டியில் ஒரு நாளும் ஏறியதில்லை. எல்லாம் சிங்கப்பூர், ஹாங்காங் வழியாகச் சீனர்களின் விருந்துக்குப் போனது.

வாப்பா அட்டை வியாபாரி. வேதாளையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் கீற்றுக் கொட்டகையும் இரண்டு பெரிய இரும்பு அண்டாவும் இருந்தன. குளிகாரர்கள் மதியத்துக்கு மேல் கொண்டு வருவார்கள். கண்ணாடி மாட்டிக்கொண்டு, காலில் அலுமினியத் தகட்டைத் துடுப்பு மாதிரி கட்டிக்கொண்டு, மூச்சை அடக்கி முங்கி எடுப்பவர்கள். வந்ததும் வயிற்றைக் கீறிக் குடலைப் பிதுக்கி எடுத்து, அண்டாவில் போட்டு அவிக்க வேண்டும். அப்புறம் ஈர மணலில் குழி தோண்டி ராத்திரி முழுக்கப் புதைத்து வைப்பார்கள். காலையில் தோண்டி எடுத்துக் காலால் மிதித்தால் மேல்தோலில் இருக்கிற சுண்ணாம்பு உரிந்து வரும். மறுபடி அவித்து, வெயிலில் காயப்போட்டால் கருத்து, கல் மாதிரி ஆகிவிடும். உயிரோடு இருந்த எடையில் பத்தில் ஒரு பங்குகூட நிற்காது. அந்த வாசனையை நான் விவரிக்கப் போவதில்லை. கல்யாணப் பேச்சுக்கு ஆள் வரும் நாளில் அண்டாவில் தீ மூட்டக்கூடாது என்பது உம்மாவின் சட்டம்.

கொட்டகைச் சுவரில் ஒரு பலகை சாய்ந்திருக்கும். அதில் உளியால் கீறிய இரண்டு கோடுகள், நடுவே மூன்று அங்குல இடைவெளி. 1982இல் மத்திய அரசு, காய்ந்த அட்டை மூன்று அங்குலத்துக்குக் குறைவாக இருந்தால் ஏற்றுமதி செய்யக்கூடாது என்று உத்தரவு போட்டது. அதற்காக வாப்பா செய்துகொண்ட அளவுகோல் அது. உத்தரவின் நோக்கம் நல்லதுதான்: குஞ்சைப் பிடிக்காதே, முட்டையிட விடு. ஆனால் அளப்பது காய்ந்த பிறகு. முங்கி எடுக்கிறவன் கையில் இருப்பது உயிருள்ள அட்டை. அது கொட்டகையில் எத்தனை அங்குலமாகச் சுருங்கும் என்று நாலு பாகம் (ஒரு பாகம் சுமார் ஆறடி) ஆழத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு யார் கணக்குப் போடுவது? குட்டையாக வந்ததைத் திரும்பக் கடலில் விடவும் முடியாது. அதற்குள் அது இரண்டு தடவை வெந்திருக்கும்.

பரணில் இருப்பது வாப்பாவின் நோட்டுகள். 1980களின் தொடக்கத்திலிருந்து 2001 வரை. மறுநாள் காலையில் அவரிடம் சொல்லி இறக்கினேன். நீள நோட்டு, துணி அட்டை. தேதி, குளிகாரர் பெயர், இடம், எடை, கொடுத்த காசு. ஓரத்தில் சிவப்பு மையில் ஓர் எண்: காய்ந்த அட்டை ஒரு கிலோவுக்கு எத்தனை நிற்கிறது என்பது. அந்த எண்தான் விலையைத் தீர்மானிக்கும். எண் சின்னதாக இருந்தால் அட்டை பெரியது, விலையும் பெரியது.

முதல் நோட்டில் அந்தச் சிவப்பு எண்களெல்லாம் இரண்டு இலக்கம். கடைசி நோட்டில் மூன்று இலக்கத்தைத் தொட்ட பக்கங்கள் நிறைய. 'இடம்' என்ற பத்தியும் அப்படித்தான். முதலில் வெறும் 'கரை' என்று இருக்கும். இடுப்பளவு, கழுத்தளவுத் தண்ணீர். பிறகு மனோலி, முயல் தீவு. அதற்கப்புறம் தீவுக்கு வெளிப்புறம், இத்தனை பாகம் ஆழம் என்று. சிவப்பு எண் ஏற ஏறப் பலகையை வாப்பா எப்போது கடைசியாகக் கையில் எடுத்தார் என்று கேட்டேன். பதில் சொல்லாமல் பக்கத்தைத் திருப்பினார்.

2001இல் எனக்கு 14 வயது. ஜூலை 11ஆம் தேதி வந்த அறிவிக்கையில் சுறா, திருக்கை வகைகள் அனைத்தும், கடல் குதிரை, கடல் அட்டை எல்லாம் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலியும் யானையும் ஆவுளியா என்கிற கடற்பசுவும் இருக்கிற அட்டவணை. எங்களுக்கு விஷயம் தெரிந்தது அரசாங்கம் சொல்லி அல்ல. சென்னைப் புரோக்கர் போனில் "பாய், இனி அனுப்பாதீங்க" என்றபோது. அன்றைக்குக் கொட்டகையில் மூட்டைகள் இருந்தன. அவற்றை வாப்பா என்ன செய்தார் என்பதை இங்கே எழுதுவதாக இல்லை.

சுறாவுக்கும் திருக்கைக்கும் நாடு முழுக்க ஆள் இருந்தது. குஜராத்திலிருந்து கேரளா சுற்றி இந்தப் பக்கம் வரை சுறா படாத வலை உண்டா? பெரிய எதிர்ப்பு கிளம்பியது. அதே வருடம் டிசம்பர் 5ஆம் தேதி திருத்தம் வந்தது. எல்லாச் சுறாவும் திருக்கையும் என்று இருந்தது, திமிங்கலச் சுறா, வேளா மீன்கள் என்று மொத்தம் 10 இனங்களாகச் சுருங்கியது. அட்டை மட்டும் 'அனைத்து வகையும்' என்று அப்படியே நின்றது. இந்த ஐந்து மாதத்தில் சுறா பெருகிவிட்டதா, அட்டை இன்னும் குறைந்ததா? இரண்டும் இல்லை. என் கணிப்பு, அட்டைக்குப் பேச மன்னார் வளைகுடாவும் பாக் நீரிணையும் விட்டால் அந்தமான், லட்சத்தீவு என்று கொஞ்சம் ஆட்கள்தான் இருந்தோம்.

ஓர் உயிரைப் பட்டியலில் சேர்ப்பதா வேண்டாமா என்பதை அரசு எதை வைத்து முடிவு செய்கிறது? மனு அடிக்க உட்கார்ந்த அன்று 1972ஆம் வருடச் சட்டத்தையே இறக்கிப் படித்தேன். 61ஆவது பிரிவு. மத்திய அரசு அது உசிதம் என்று கருதினால், அறிவிக்கை மூலம் அட்டவணையில் எதையும் சேர்க்கலாம், நீக்கலாம். சாராம்சம் அவ்வளவுதான். எத்தனை சதவீதம் குறைந்திருக்க வேண்டும், யார் எண்ண வேண்டும், எத்தனை வருடத்துக்கு ஒரு முறை திரும்பப் பார்க்க வேண்டும் என்று அந்தப் பிரிவில் ஒரு சொல் கிடையாது. 'உசிதம்' என்ற சொல்லைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். எங்கள் வீட்டில் பெரியவர்கள் அந்தச் சொல்லை எடுத்தாலே மேற்கொண்டு பேச்சு கிடையாது என்று அர்த்தம்.

அமெரிக்காவில் 1973இல் வந்த சட்டம் வேறு மாதிரி. அங்கே யார் வேண்டுமானாலும் மனுப் போடலாம். மனுவில் சரக்கு இருக்கிறதா என்று 90 நாளுக்குள்ளும், சேர்க்கலாமா என்று 12 மாதத்துக்குள்ளும் சொல்ல வேண்டும். முடிவெடுக்கும்போது அறிவியல் தகவலை மட்டும்தான் பார்க்க வேண்டும், யாருக்கு எவ்வளவு நஷ்டம் என்று பார்க்கக் கூடாது. சேர்த்த பிறகு ஐந்து வருடத்துக்கு ஒரு முறை மறுபடி பார்க்க வேண்டும். கெடு தவறுவதும் வழக்குப் போடுவதும் அங்கேயும் சகஜம். ஆனாலும் கெடு என்று ஒன்று இருந்தால்தானே தவறியது என்று கேட்க முடியும்.

அங்கே ஒரு பொடி மீன் கதை உண்டு. டெனசி மாநிலத்து ஆற்றில் இருந்த ஒரு மீன், நத்தை தின்னும், ஏறக்குறைய வாப்பாவின் பலகைக் கோட்டுக்குள் அடங்கிவிடும் நீளம். 1975இல் பட்டியலில் ஏறியது. ஏறக்குறைய கட்டி முடித்திருந்த டெலிகோ அணையை, அந்த மீனுக்காக 1978இல் உச்ச நீதிமன்றம் நிறுத்தியது. அடுத்த வருடமே நாடாளுமன்றம் தனி விலக்குக் கொடுத்து அணையை முடிக்க வைத்தது வேறு விஷயம். பிறகு வேறு ஆறுகளிலும் அந்த மீன் தென்பட்டது, சில இடங்களில் கொண்டுபோய் விட்டும் வளர்த்தார்கள். 2022இல் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். உள்ளே போகவும் வழி, வெளியே வரவும் வழி. எங்கள் அட்டைக்கு உள்ளே போகிற கதவை மட்டும்தான் திறந்தார்கள்.

உலக அளவில் எண்ணி வகைப்படுத்துகிறவர்கள் ஐயுசிஎன் என்கிற பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம். அவர்களின் சிவப்புப் பட்டியல் சட்டம் இல்லை. அதைக் காட்டி யாரையும் பிடிக்க முடியாது. ஆனால் அளவுகோல் எழுதி வைத்திருக்கிறார்கள். பத்து வருடம் அல்லது மூன்று தலைமுறை, எது நீளமோ, அதற்குள் 30 சதவீதம் குறைந்திருந்தால் அழிவாய்ப்பு இனம். 50 என்றால் அருகிய இனம், 80 என்றால் மிக அருகிய இனம். பரப்பு, மிஞ்சிய எண்ணிக்கை என்று வேறு அளவுகோல்களும் உண்டு. அந்த முறையில் உலகத்தின் அட்டை இனங்களில் 377ஐப் பார்த்து 2013இல் வெளியிட்டார்கள். 16 இனங்கள் ஆபத்தில். அதில் எங்கள் வெள்ளை அட்டை 'அருகிய இனம்'. பாதிக்கும் மேற்பட்ட இனங்களுக்கு 'தகவல் போதாது' என்று எழுதினார்கள். இந்தியா எல்லாவற்றையும் சேர்த்துத் தடை செய்து அப்போதே 12 வருடம் ஆகியிருந்தது.

தகவல் ஏன் போதாது என்பது கொட்டகையில் வளர்ந்தவனுக்கு நன்றாகப் புரியும். மூன்று தலைமுறை என்கிறார்கள், அட்டைக்கு ஒரு தலைமுறை எத்தனை வருடம்? மீனுக்குக் காதுக்குள் கல் இருக்கும். அறுத்துப் பார்த்து வளையத்தை எண்ணி வயது சொல்லலாம். அட்டைக்கு அப்படி எதுவும் இல்லை. அடையாளச் சீட்டுக் குத்தினால் கொஞ்ச நாளில் உதிர்த்துவிடும். எடை போடலாம் என்று தூக்கினால் தண்ணீரைப் பீச்சிவிட்டுச் சுருங்கிக்கொள்ளும். அதே அட்டை ஒரே நாளில் இரண்டு எடை காட்டும். வெள்ளை அட்டை மணலுக்குள் புதைந்து கிடக்கும், அதற்குப் பிடித்த நேரத்தில்தான் மேலே வரும். தப்பான நேரத்தில் முங்கிப் பார்த்தால் அங்கே ஒன்றுமே இல்லை என்றுதான் எழுதுவீர்கள்.

இன்னொன்றும் உண்டு, தலைவருக்கு இதைத்தான் புரியவைக்கக் கஷ்டப்பட்டேன். அட்டையில் ஆண் வேறு, பெண் வேறு. இரண்டும் கூடுவதில்லை, ஆண் விந்தையும் பெண் முட்டையையும் தண்ணீரில் விடும், தண்ணீரிலேயே சேர வேண்டும். பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் சரி. அங்கொன்று இங்கொன்றாக ஆகிவிட்டால், உயிரோடு இருந்தும் பிரயோஜனமில்லை. அதனால் 'இன்னும் அட்டை இருக்கு' என்பதும் 'அட்டை நல்லா இருக்கு' என்பதும் ஒன்றில்லை.

'அனைத்து வகையும்' என்று போட்டதற்கும் ஒரு நியாயம் சொல்லலாம். இந்தியக் கடலில் அட்டை வகைகள் ஏராளம். வியாபாரத்துக்குப் போனவை அதில் பத்துப் பன்னிரண்டு இருக்கும். ஆனால் அவித்து, மிதித்து, காயப்போட்ட பிறகு வெள்ளை அட்டையா ராஜ அட்டையா என்று துறைமுகத்தில் நிற்கிற அதிகாரி எப்படிக் கண்டுபிடிப்பார்? வாப்பாவே சிலதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். சைட்டிஸ் என்கிற பன்னாட்டு வணிக ஒப்பந்தத்திலும், ஆபத்தில் இல்லாத இனத்தைக்கூட இப்படி உருவ ஒற்றுமைக்காகச் சேர்க்க இடம் இருக்கிறது. அங்கே நாடுகள் கூடி ஓட்டுப் போடும். மூன்றில் இரண்டு பங்கு வேண்டும்.

என் ஆத்திரமெல்லாம் இதில்தான். 1947இல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1949இலேயே மண்டபம் கேம்ப்புக்கு வந்தது. 1971இல் கொச்சிக்குப் போகும் வரை தலைமையகமே எங்கள் ஊர்தான். அதே நிறுவனத்தின் தூத்துக்குடி மையத்தில் 1988இல் வெள்ளை அட்டைக் குஞ்சைப் பொரிக்க வைத்தார்கள். உலகத்திலேயே முதல் தடவை. அந்த வித்தை பல நாடுகளில் இன்றைக்குத் தொழில். தனுஷ்கோடிக்கு நேர் எதிரே, அக்கரையில், வடக்கு இலங்கையில் அட்டைப் பண்ணைகள் இருக்கின்றன, உரிமம் வாங்கிக் கடலில் பிடிக்கவும் செய்யலாம். இந்தப் பக்கம் இறால் வலையில் தானாக ஏறிய அட்டையைக் கையில் வைத்திருந்தாலே பயம். முதல் அட்டவணைக் குற்றத்துக்குக் குறைந்தது மூன்று வருடம் ஜெயில், ஏழு வரை போகலாம். எங்கள் தெருவில் ஒருவர் கோர்ட்டுக்கு அலைந்தே படகை விற்றார். ராத்திரியில் அக்கரைக்குக் கடத்துகிறவர்கள் வேறு ஆட்கள். அவர்கள் மனுப் போடுவதில்லை. அவர்கள் எடுப்பது எந்த நோட்டிலும் ஏறுவதில்லை.

இது நான் தடையை எதிர்க்கிறேன் என்பதில்லை. 2001இல் நிறுத்தியிருக்காவிட்டால் அடுத்த நோட்டு என்ன சொல்லியிருக்கும் என்று எனக்குத் தெரியும். விசைப்படகுத் தடைக்காலம் ஏப்ரல் 15இல் தொடங்கி ஜூன் 14இல் முடிகிறது, 61 நாள். முணுமுணுத்தாலும் எல்லோரும் வலையைக் கட்டி வைக்கிறார்கள், ஏனென்றால் முடிகிற தேதி தெரியும். அட்டைக்கு அந்தத் தேதி இல்லை என்பது மட்டுமில்லை, தேதி வருமா என்று பார்க்கிற தேதிகூட இல்லை.

மறுநாள் சாயங்காலம் தலைவர் வந்தார். நோட்டைப் பிரித்துச் சிவப்பு எண்களைக் காட்டினேன். அவரும் பழைய குளிகாரர். அவருடைய அப்பா பெயர் மூன்று இடத்தில் இருந்தது. விரலை வைத்து அதையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சரி பாய், இத எதுக்கு டெல்லிக்காரனுக்குக் காட்டணும்? நம்ம கைய நாமளே வெட்டிக்கிறதா?"

"குறையலன்னு எழுதினா அவங்ககிட்ட ஒரு தாள் இருக்கும்ணே, குறைஞ்சிருச்சுன்னு. நம்மகிட்ட நோட்டு இருக்கு. எங்க, எந்த மாசம், எவ்வளவுன்னு இருபது வருசத்துக்கு இருக்கு. இத வச்சு இப்ப வந்து எண்ணுங்கன்னு கேப்போம். தடை போட்டு இத்தன வருசம் ஆச்சு, ஏறியிருந்தா வெள்ளை அட்டைக்கு மட்டும் அளவு வச்சுப் பிடிக்க விடுங்க, பண்ணை வைக்க விடுங்கன்னு கேப்போம்."

"ஏறலன்னா?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அவரே கொஞ்ச நேரம் கழித்து, "டீ சொல்லுங்க" என்றார்.

கடைசியில் பாதிதான் ஒத்துக்கொண்டார். 'குறையவில்லை' என்ற வரி போயிற்று. 'மீண்டும் கணக்கெடுக்க வேண்டும், அதில் குளிகாரர்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்' என்ற வரி வந்தது. பண்ணைக் கோரிக்கையையும் சேர்த்தோம். நோட்டை இணைக்க மட்டும் கடைசி வரை சம்மதிக்கவில்லை. 'பழைய வியாபாரிகளிடம் பதிவேடுகள் உள்ளன' என்று ஒரு வரி போதும் என்றார். ஆறு நகல் எடுத்துக் கொடுத்தேன். காசு வாங்கவில்லை, டீக்காசு அவர் கொடுத்தார்.

வாப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன். நோட்டுகளைப் பழையபடி சாக்கில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"எண்ண வர்றாங்களாமா?"

"மனு இப்பத்தானே போயிருக்கு வாப்பா."

"வந்தா கச்சான் காத்துல வரச் சொல்லாத. தென்கடல் கலங்கிக் கெடக்கும், முங்குனா கை தெரியாது. ஒண்ணுமில்லன்னு எழுதிட்டுப் போயிருவான்." முடிச்சைப் பல்லால் இறுக்கினார். "காத்து விழுந்து, தண்ணி தெளிஞ்ச பிறகு வரச் சொல்லு. மத்தியானத்துக்கு மேல."